கரிசல் காட்டில் சனி ஞாயிறு: குதிரையும் கூடாரமும்

குதிரையில் இரண்டு நாள் போய்வரலாம் என்று நினைப்பவர்கள் எந்த வழியாகப் போவது என்றுதான் முதலில் கேட்பார்கள். விருதுநகர் மாவட்டத்தில் அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். சனிக்கிழமை ராத்திரி குதிரையை எங்கே கட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அங்கே தண்ணீர் இருக்க வேண்டும், பட்டாசு ஆலை பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் பொருந்துகிற களமோ தோப்போ அமைந்துவிட்டால் பாதையை அங்கிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொள்ளலாம். பாதையை முதலில் வகுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் இடம் தேடுகிறவர்கள்தான் வேலி ஓரத்திலும் சாலை ஓரத்திலும் குதிரையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நிற்கிறார்கள்.

மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை. வத்திராயிருப்பு, தாணிப்பாறை, செண்பகத்தோப்பு என்று பெயர்களே ஆசை காட்டும். ஆனால் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போவதும் கூடாரம் போடுவதும் குற்றம். அடிவாரத் தோப்புகளுக்கு யானையும் சிறுத்தையும் வந்துபோகின்றன. கயிற்றில் கட்டிப்போட்ட குதிரையைச் சிறுத்தை உலவும் இடத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. மலையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

நடுவே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம், அதாவது பட்டாசு பூமி. கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம், பெரும்பாலும் மானாவாரிப் புஞ்சை. இரண்டு நாள் பயணத்துக்கு நான் கைகாட்டுவது கிழக்கைத்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சாலை வழியே சுமார் 15 கிலோமீட்டர். வண்டிப்பாதைகளில் சுற்றிப் போனால் முதல் நாளுக்கு அது சரியான தூரம். திருச்சுழியில் குண்டாறு இருக்கிறது, திருமேனிநாதர் கோயில் இருக்கிறது, ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊரும் கூட. சாத்தூரிலிருந்து வைப்பாற்றை ஒட்டி இருக்கன்குடி போவது இன்னொரு வழி. அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு சேரும் இடத்தில் மாரியம்மன் கோயில். அழகான பாதைதான், ஆனால் ஆடி வெள்ளிகளில் அந்தப் பக்கம் குதிரையோடு தலைகாட்டக் கூடாது. கூட்டம் லட்சக்கணக்கில் வரும்.

களத்துக்காரரிடம் கேட்பது

இடத்துக்கு அனுமதி கேட்கப் போகும்போது குதிரையைக் கூட்டிப் போகாதீர்கள். முந்தின வாரமே பைக்கில் போய், பெரியவர் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, வர்ற சனிக்கிழமை ராத்திரி ஒரு குதிரையைக் கட்டி, நாங்க ரெண்டு பேரு உங்க களத்துல படுத்துக்கிடலாமா?”

“குதிரையா? கட்டிக்கிடுங்க, அதுக்கென்ன. தீ கீ போட மாட்டீகளே?”

குதிரை கடிக்குமா, வெள்ளாமையை மேயுமா என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். முதல் கேள்வி தீயைப் பற்றியது. களத்து ஓரத்தில் சோளத்தட்டைப் படப்பு நிற்கும், அறுத்துப் போட்ட மல்லிச் செடி காய்ந்து கிடக்கும், காற்றுக்கு ஒரு பொறி போதும். அதோடு, இந்த மாவட்டத்தில் தீ என்றால் என்ன என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். சொந்தத்தில் யாராவது ஒருவர் ஃபயர் ஆபீசுக்கோ (பட்டாசு ஆலைதான்) தீப்பெட்டி ஆபீசுக்கோ வேலைக்குப் போகிறவராக இருப்பார்.

ஆகவே கூடாரம் என்றதும் நினைவுக்கு வரும் நெருப்பு வளையத்தை இங்கே மறந்துவிடுங்கள். விறகும் வேண்டாம், சின்ன கேஸ் அடுப்பும் வேண்டாம், கொசுவர்த்திச் சுருள்கூட வேண்டாம். கொசுவலை கொண்டுபோங்கள். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் பேட்டரி விளக்கு. சாப்பாடு சமைத்ததாகவே வரட்டும். புளியோதரை மறுநாள் காலை வரை தாங்கும். விருதுநகர் வழியாக வருபவர்கள் எண்ணெய் பரோட்டா பார்சல் வாங்கிக்கொள்ளலாம், சாத்தூர்க் காரச்சேவு பையில் இருக்கட்டும். காலையில் டீ இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு நல்ல ஃபிளாஸ்க் இருக்கிறது. பீடி சிகரெட் பழக்கம் உள்ளவரை இந்தப் பயணத்துக்குக் கூட்டிவராமல் இருப்பதே நல்லது.

ஃபயர் ஆபீஸ் பக்கம் போக நேர்ந்தால்

கிழக்கே போனாலும் குதிரையை ஏற்றி இறக்கும் வழியில் பட்டாசு ஆலைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஊருக்கு வெளியே பொட்டல், சுற்றிலும் வேலி, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஒரு அறை வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. மருந்து கலக்கும் அறைகளில் இரும்புக் கருவிகளைப் புழங்குவதில்லை. உராய்ந்தால் பொறி வரும் என்பதால் மரம், பித்தளை, அலுமினியம்தான். தரையில் ரப்பர் விரிப்பு.

இதைக் குதிரைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் லாடம். இரும்பு லாடம் கருங்கல்லில் சறுக்கும்போது பொறி பறப்பதை இருட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆலை வேலிக்குள் குதிரை போகவே கூடாது, வழி கேட்கக்கூட வாசலில் நிறுத்த வேண்டாம். வேலிக்கு வெளியே அரசாங்கச் சாலையில் நடத்திப்போவதில் தவறில்லை. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. உரிமம் இல்லாமல் சீமைக் கருவேலங்காட்டுக்குள் கொட்டகை போட்டு வெடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்தித்தாளில் அடிக்கடி வரும் சமாச்சாரம்தான். குறுக்குவழி என்று கருவேலங்காட்டுக்குள் நுழைந்தால் தரையைப் பார்த்துப் போங்கள். கரிசல் மண்மேல் வெள்ளிப் பூச்சு போல அலுமினியத் தூள் படிந்திருந்தால், காகிதக் குழாய்த் துண்டுகள் சிதறிக் கிடந்தால், இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்தப் பக்கத்துக் குட்டைத் தண்ணீரையும் குதிரைக்குக் காட்டாதீர்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். வேலை நாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆலை வேன்கள் கிராமத்துச் சாலைகளில் பறக்கும், சாயங்காலம் திரும்பவும் அதே வேகம். சனிக்கிழமையும் வேலை நாள்தான். பெரும்பாலான ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறை. பட்டாசு வட்டாரத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள்.

சத்தம்

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குதிரைக்கு 33,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் எட்டும். இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பி, நீங்கள் கேட்பதற்கு முன்பே அது கேட்டுவிடும். இந்த மாவட்டத்தில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக்காரர் வருகை என்று எதற்கும் சரவெடி. கிரஷர் இருக்கும் இடங்களில் பாறைக்கு வெடி வைப்பார்கள். மாசி, பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல்கள் வரிசையாக வரும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் சமயத்தில் நகரத்துக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னுமான வாரங்களைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெடிச் சத்தத்துக்குக் குதிரையைப் பழக்கலாம், ஆனால் புறப்படும் வாரத்தில் தொடங்கினால் பலன் இல்லை. ஒரு மாதமாவது முன்னால், தீனி தின்கிற நேரத்தில், செல்போனில் பதிவுசெய்த சத்தத்தை மிகத் தணிவாகத் தூரத்தில் ஓடவிடுங்கள். தின்பதை நிறுத்தாமல் காதை மட்டும் திருப்பினால் அந்த அளவு அதற்குச் சரி. சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுங்கள். தலையைத் தூக்கி உடம்பை இறுக்கினால் கூட்டியது அதிகம், பழைய அளவுக்கே திரும்பிப் போங்கள். நிஜ வெடியைப் பக்கத்தில் வெடித்துப் ‘பயம் தெளிய வைக்கிறேன்’ என்பவர்கள் குதிரைக்குப் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். கம்பளி நூலில் செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. வீட்டிலேயே போட்டுப் பழக்கியிருந்தால் மட்டும் கொண்டுபோங்கள்.

வழியில் திடீரென்று வெடித்தால் கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்காதீர்கள். ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக இழுத்து, குதிரையைச் சத்தம் வந்த திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். எது என்று பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சரம் நீளமாக வெடிக்கிறது என்றால் இறங்கித் தலைப்பக்கம் நில்லுங்கள், நேர் முன்னால் நிற்க வேண்டாம். தனிக் குதிரையைவிட இரண்டு குதிரை நல்லது. அதில் ஒன்று வயதான, ஊர்வலம் பார்த்த குதிரையாக இருந்தால் இன்னும் நல்லது. தென்மாவட்டங்களில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற குதிரைகள் மேளம், வெடி எல்லாவற்றையும் பார்த்து அலுத்தவை. பந்தய வண்டி இழுத்த குதிரை வேகம் காட்டும். ஆனால் சத்தம் கேட்டால் நிற்பதற்குப் பதில் ஓடத்தான் அதற்குப் பழக்கம்.

மண்ணும் மாதமும்

கரிசல் மண் வருஷத்தில் இரண்டு முறை குதிரைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் குளம்புக்கு அடியில் பந்து பந்தாக ஒட்டி, குதிரை கட்டை போட்டுக்கொண்டு நடக்கும். சித்திரை, வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடித்து, கணுக்கால் இறங்குகிற அளவுக்கு இடுக்கு விழும். ஓட்டத்தில் அதில் கால் மாட்டினால் எலும்பு முறியும். தைப் பொங்கல் கழிந்து மாசி முடிய உள்ள வாரங்களே இந்தப் பயணத்துக்கான காலம். அறுவடை முடிந்து புஞ்சை வெறுமையாகக் கிடக்கும், கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும், ராத்திரி குளிரும்.

இந்த மண்ணுக்கு லாடம் அவசியமில்லை என்பது என் கணிப்பு. நன்றாகச் சீவிய வெறுங்குளம்பு புஞ்சை மண்ணில் தாராளமாகப் போகும். சுக்கான் கல் பரவிய மேட்டிலும் தார்ச் சாலையிலும் மட்டும் ரப்பர் குளம்புறை மாட்டிக்கொள்ளலாம். லாடம் அடித்தே பழகிய குதிரை என்றால் பயணத்துக்காகக் கழற்றாதீர்கள், பாதம் நோகும். குண்டாற்று மணலில் ஓடவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மணல் ஆழம் தசைநாரைச் சுண்டிவிடும், அள்ளிய பள்ளங்கள் கருவேலுக்கு அடியில் மறைந்திருக்கும். நடை மட்டும் போதும்.

நான்குவழிச் சாலையை மேலே குறுக்கே கடக்காதீர்கள், கீழ்ப்பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிப் போங்கள். லாரி ஒரு காரணம், நடுத்திட்டில் வளர்த்திருக்கும் அரளி இன்னொரு காரணம். ஒரு கைப்பிடி அரளி இலை ஒரு குதிரையைக் கொன்றுவிடும். காய்ந்த இலைக்கும் அதே விஷம். கோயில் நந்தவனத்து வேலியில் குதிரையைக் கட்டும் முன்பும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமை, தண்ணீர், தீனி

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. சேணமும் ஆளும் சேர்த்துத்தான் அந்தப் பங்கு. 300 கிலோ நாட்டு மட்டக் குதிரைக்கு அது 60 கிலோ. 75 கிலோ எடை உள்ள ஆள் அதில் ஏறவே கூடாது, கூடாரத்தையும் அதன் முதுகில் ஏற்றுவது பாவம். நல்ல வளர்த்தியான மார்வாரிக் குதிரை என்றால் ஆள் போகலாம், அப்போதும் மூட்டை போகக் கூடாது. ஆகவே ஒரு ஆள் ‘குட்டியானை’ வேனிலோ டி.வி.எஸ். எக்செல்லிலோ தங்கும் இடத்துக்கு நேராகச் சாமான் கொண்டுவரட்டும். இது பயணத்தின் அழகைக் கெடுக்கிறது என்பவர்கள் மாசி மாதத்தில் 50 லிட்டர் தண்ணீரைச் சுமந்து பார்க்கலாம்.

அந்த 50 லிட்டர் சும்மா சொன்னதல்ல. வெயிலில் வேலை செய்த குதிரைக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு வேண்டும். இந்தப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் பல ஊரில் உப்பு. தாகத்தில் இருந்தாலும் புதுத் தண்ணீரைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுத்துப் பழக்கினால் வெளியிலும் அதே ருசியைக் காட்டி ஏமாற்றலாம். ஊருணி ஊர்க்காரர்களின் குடிதண்ணீர், அதில் குதிரையை இறக்காதீர்கள். வாளியில் மொண்டு, கரைக்கு வெளியே வைத்துக் காட்டுங்கள்.

தீனியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஊறவைத்த கொள்ளு, தவிடு, பழகிய காய்ந்த புல், ஒரு கை உப்பு. வழியில் கொழுக்கட்டைப் புல்லும் அறுகும் கண்டால் மேயவிடலாம். களத்துக்காரர் பிரியமாகக் கொடுக்கும் மக்காச்சோளத்தைப் பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையைத் தாக்கும். சோளம் அறுத்த தாளில் துளிர்க்கும் பசுந்தட்டையும் ஆகாது. சீமைக் கருவேல நெற்று இனிப்பாக இருப்பதால் ஆசையாய்த் தின்னும். அளவு மீறினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பக்கம் தீனி தெரியாமல் குதிரை சாவது புதுக்கதையல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை இறக்கினார்கள். பக்குவம் பார்க்கவும் லாடம் கட்டவும் ஆளில்லாமல் அதில் பெரும்பகுதி வருஷத்துக்குள் செத்துப்போகிறது என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

பகலும் ராத்திரியும்

விடியற்காலை ஐந்தரைக்குச் சேணம் கட்டிப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுங்கள், மறுபடி மூன்றரைக்கு மேல். 1965-ஆம் வருஷத்து மத்திய விதிகள் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், 37 டிகிரி தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது என்றும் சொல்கின்றன. ஏறி ஓட்டும் குதிரைக்கும் நாம் அதையே வைத்துக்கொள்ளலாம். நிறுத்தி அரை மணி நேரம் கழித்து நாடி பாருங்கள், நிமிஷத்துக்கு 64-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

ஊர் எல்லையில் ஐயனார், கருப்பசாமி கோயில்கள் வரும். மண் குதிரை நிற்கும் கோயில் முன்னால் நிஜக் குதிரைமேல் உட்கார்ந்து போவதைப் பெரியவர்கள் ரசிக்க மாட்டார்கள். இறங்கி, பிடித்து நடத்திப் போய், தாண்டியதும் ஏறிக்கொள்ளுங்கள்.

ராத்திரிக் கட்டுக்கு இரண்டு வேப்ப மரம் போதும். குதிரையின் தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில், இரண்டுக்கும் நடுவே தடித்த கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். அதிலிருந்து தொங்கும் முகக்கயிறு, மூக்கு தரையைத் தொடுகிற நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் ஒரு முழம் விட்டாலும் காலில் சுற்றும். ஒரு இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போடுங்கள். பனையில் கட்டினால் சாக்கைச் சுற்றி அதன்மேல் கயிறு வரட்டும், இல்லாவிட்டால் கருக்கு கயிற்றை அறுக்கும். முள்கம்பி வேலியிலும் இரும்பு கேட்டிலும் எக்காரணத்துக்கும் கட்டாதீர்கள்.

கயிறு அவிழ்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பதைப் பகலிலேயே பார்த்துவையுங்கள். புஞ்சைக்கு நடுவே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். மக்காச்சோளக் காட்டில் பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்திருக்கலாம். இரண்டையும் களத்துக்காரரிடம் நேராகக் கேளுங்கள். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாய்கள் விடாது, தள்ளிப் போங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள பூமி இது. தரையில் படுக்காமல் கட்டிலோ வண்டித் தட்டோ பாருங்கள், பூட்ஸை உதறிப் போடுங்கள். பாம்புக் கடிக்கு 108-ஐக் கூப்பிட்டு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குதிரைக்கு 1962. அரசு கால்நடை ஆம்புலன்ஸ் அந்த எண்ணில் வரும். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிப்போக வேண்டியிருக்கும். ராத்திரியில் கூப்பிட வைப்பது அநேகமாக வயிற்றுவலிதான். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும், லத்தி போடாது. தீனியை எடுத்துவிட்டு, மெல்ல நடத்திக்கொண்டே போன் போடுங்கள். நாட்டு மருந்தை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். புறப்படும் முன் குதிரைக்கும் உங்களுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். வண்டியில் ஏற்றிச் செல்வதற்குக் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் கையில் இருக்கட்டும், 1978 போக்குவரத்து விதிகளில் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலை லத்தியைப் பார்ப்பது, வாளியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. இரண்டும் சரியாக இருந்தால், நான்கு குளம்பையும் தூக்கி முள் பார்த்துவிட்டுப் புறப்படலாம். கருவேல முள் முறிந்து உள்ளே நின்றால் அன்றைக்குத் தெரியாது, செவ்வாய்க்கிழமை நொண்டும். திரும்பும் தூரத்தை முதல் நாளைவிடக் குறைவாக வையுங்கள். லத்தியைக் கூட்டி உரக்குழியில் கொட்டிவிட்டு, படப்பிலிருந்து தட்டை எடுத்திருந்தால் அதற்குக் கட்டுக் கணக்கில் காசு கொடுங்கள். இடத்துக்கு வாடகை என்று நீட்டினால் களத்துக்காரர் வாங்க மாட்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி, கயிற்றை நீங்கள் பிடித்துக்கொண்டு, களத்தை இரண்டு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த மாசிக்கும் இடம் வேண்டுமே.